குறுக்கெழுத்தும் புள்ளி எழுத்தும்

மாணவர்களே, 1913-இல் நியூயார்க் இதழொன்றில் ஆர்தர் வின் வெளியிட்ட குறுக்கெழுத்துப் புதிர் தமிழுக்கு வரும்போது விதி சற்று மாறுகிறது. எங்கள் ஊர் மலையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'அண்ணாமலை' ஆங்கிலத்தில் 9 கட்டங்களை அடைக்கும். தமிழில் 5 போதும். கட்டத்துக்கு ஓர் எழுத்து, உயிர்மெய்யைப் பிரிக்கலாகாது.

5×5 சதுரத்தின் முதல் வரிசையில் இதை எழுதுங்கள். கீழ்நோக்கிச் செல்லும் சொற்கள் எங்கே தொடங்கலாம்? புள்ளி எழுத்து சொல்லுக்கு முதலில் வராது, 'ணா'வும் வராது, 'லை'யோ 'லைட்டு' போன்ற இரவல் சொற்களுக்கே. இம்மூன்றின் கீழும் கறுப்புக் கட்டம் இடுக.

தாளை 180 பாகை சுழற்றினாலும் கறுப்புகள் அதே இடங்களில் தெரியவேண்டும் என்பது வழக்கம். ஆகவே 2-ஆம் வரிசையின் 5-ஆம் கட்டம் கறுப்பென்றால், 4-ஆம் வரிசையின் முதல் கட்டமும் கறுப்பே. அதனால் 'அ'வில் தொடங்கும் சொல்லுக்கு 3 எழுத்துதான்.

தீபத்துக்குப் பெயர்பெற்ற ஊராயிற்றே என்று நான் 'அகல்' எழுதினேன். மூன்றாம் வரிசை 'ல்' என்று தொடங்கவேண்டியதாயிற்று! அழித்துவிட்டு 'அருவி' என்றேன்.