காற்றை உறிஞ்சிவிட்டால் போதுமா?

பருப்பில் வண்டு, முந்திரியில் சிக்கு வாடை, ஃப்ரீசரில் வைத்த மீன் காய்ந்த சக்கை... 'இதுக்கெல்லாம் ஒரே வழி வேக்குவம் சீலர்தான்' என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களா? வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

பைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, பையின் வாயைச் சூட்டில் ஒட்டுவது. அவ்வளவுதான் இதன் வேலை. காற்றோடு ஆக்ஸிஜனும் போய்விடுவதால் முந்திரி, வேர்க்கடலை சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. வண்டு, பூஞ்சணத் தொல்லை குறையும். ஃப்ரீசரில் மீனும் கறியும் வறண்டு வெளுக்காது.

எதை வாங்குவது?

பையின் வாயை மட்டும் உள்ளே கொடுக்கும் சிறிய வகை ஒன்று. பருப்பு, அப்பளம், மீன் துண்டு எனச் சேமிக்கும் வீடுகளுக்கு இதுவே தாராளம். பை மொத்தத்தையும் பெட்டிக்குள் வைத்து மூடும் பெரிய வகை இன்னொன்று. குழம்பு, ரசத்தைக்கூட ஒட்டலாம். ஆனால் கனம் அதிகம், விலையும் அதிகம்.

வாங்கும் முன் கவனியுங்கள்:

1. சிறிய வகைக்கு உள்பக்கம் சொரசொரப்பான வரிகள் உள்ள பைதான் வேண்டும். வழவழப்பான பையில் காற்று சரியாக வெளியேறாது. மாதா மாதம் ஆகும் பைச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

2. ஈரப் பொருளுக்குத் தனி பட்டன், கழற்றிக் கழுவக்கூடிய தட்டு இருக்கிறதா?

3. கடையிலேயே ஒரு பையை ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டிய கோடு அகலமாக, சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும்.

மிளகாய்ப்பொடி போன்றவற்றை ஒட்டும்போது மேலே ஒரு டிஷ்யூ பேப்பர் வையுங்கள். இல்லாவிட்டால் பொடி மோட்டாருக்குள் போய்விடும்.

ஆபத்து எங்கே?

'காற்றுதான் இல்லையே, வெளியிலேயே வைக்கலாம்' என்று நினைத்துவிடாதீர்கள்! காற்றை எடுக்கிறோமே தவிர, கிருமியை எடுப்பதில்லை. 'க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்ற கிருமி ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில்தான் செழிக்கும். அதன் வித்துக்கள் சாதாரணக் கொதிக்கும் நீரில்கூடச் சாவதில்லை. அது உண்டாக்கும் நஞ்சுக்கு வாடையோ ருசியோ இல்லாமல் இருக்கலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, கண் இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது இதன் அறிகுறிகள். மூச்சே நின்றுபோகலாம். அறிகுறி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆகவே, சமைத்த உணவு, மீன், கறியை ஒட்டிய பிறகும் 4 டிகிரி செல்சியஸுக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நாள்பட வைக்க வேண்டுமா? மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்தான். உறைந்த மீனை ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கும் முன் பையைப் பிரித்துவிடுங்கள். உரித்த பூண்டு, பச்சைக் காளான் இரண்டையும் வேக்குவம் பையில் போடவே வேண்டாம்.

நன்றாகக் காய்ந்த பொருளுக்கு அலமாரி, ஈரமுள்ளதற்கு ஃப்ரிட்ஜ். பை உப்பியிருந்தால், 'கொஞ்சம் ருசி பார்ப்போமே' என்ற பேச்சே கூடாது. அப்படியே குப்பையில் போடுங்கள்!