கல் சொல்லும் காலக்கணக்கு

எழுத்துத் தோன்றுமுன் வாழ்ந்த மனிதனைப் பற்றி நாம் அறிவது எப்படி? அவன் ஏடு எழுதவில்லை, கல்வெட்டும் பொறிக்கவில்லை. அவன் உடைத்துச் செதுக்கிய கற்களே பெரும்பாலும் நமக்குச் சான்று.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கமும் அதே ஆண்டில் ஆய்வாளர் கண்ணிற் பட்டது. அங்கு 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு நடத்தினர்.

கல்லின் காலத்தைக் கணிப்பது எவ்வாறு? விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், தரைமேற் கிடக்கும் கல்லிலுள்ள குவார்ட்ஸில் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்னும் அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்தபின் புதிதாக உண்டாவது ஏறக்குறைய நின்று, சிதைவு தொடர்கிறது. அலுமினியம் விரைவாகவும் பெரிலியம் மெதுவாகவும் சிதைவதால், எஞ்சிய விகிதம் புதைந்த காலத்தைக் காட்டிவிடும். இம்முறையாலும், மண்ணடுக்குகளில் பதிந்துள்ள காந்தத் திசையாலும், அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் 10 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் எனலாம் என்று 2011இல் வெளியான ஆய்வு கூறிற்று.

இக்கணக்கு, கல் புதைந்த இடத்திலேயே இருந்தால்தான் செல்லும். ஆசையால் ஒருவர் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால், எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்னும் செய்தி அழிந்துபோகும். கல் எஞ்சும், வரலாறு மறையும்.

ஆகவே மாணவ நண்பர்களே, வயல்வெளியிலோ சரளைக் குழியிலோ அத்தகைய கல்லைக் கண்டால் கை வைக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அதுவே நாம் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டு.