ஒளியால் விளையும் நட்பு

ஒளிப்படம், நிழற்படம், புகைப்படம் என ஒரு கலைக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. எண்ணூரின் புகைபோக்கிகளையே பிறர் படமெடுத்துச் செல்வதால், வடசென்னைக்கு வாய்த்தது பெரும்பாலும் 'புகை'ப்படமே! மீன் விற்கும் தாயின் மகனான ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமார், 2022இல் தயானிதா சிங் – பாரி விருதை முதன்முதலாகப் பெற்றவர். அவர் வடசென்னைப் பிள்ளைகளுக்கு இக்கலையைக் கற்பித்தார். தம் மக்களைத் தாமே காட்ட அவர்கள் கற்றனர்.

தாம் கண்டதைப் பிறரும் காணவேண்டும் என்னும் விழைவே நட்பின் வித்து. அவ்வித்து முளைக்க ஒரு நெறி உண்டு. மாணவச் செல்வங்களே! ஒருவர் முகத்தைப் படமாக ஏற்பது அமானிதத்தை ஏற்பதாகும். இசைவு கேட்டு எடுப்போம். எடுத்ததை அவரிடமே முதலில் காட்டுவோம். காசிமேட்டு வலைஞரும் ராயபுரத்துச் சுமைத் தொழிலாளியும் அப்போது நமக்குக் காட்சிப்பொருளாகார், நண்பராவர்.