செகண்ட் ஹேண்ட் "சின்ன யானை" வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க



சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்னைக்கு காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதுக்குப் பிறகு ஆர்டர் ஓட ஆரம்பிச்சா, "சொந்தமா ஒரு வண்டி இருந்தா வாடகை மிச்சமாகுமே" என்ற எண்ணம் தானா வரும். திருத்தங்கலில் சின்னதா பைண்டிங் யூனிட் வச்சிருக்கும் என் மாமாவுக்கும் வந்தது. 2.80 லட்சம் ரூபாய் ரொக்கமா கொடுத்து ஒரு பழைய டாடா ஏஸ் வாங்கினார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. "வண்டியப் பத்தி ஆடிட்டருக்கு என்னடா தெரியும்?"

ரெண்டே மாசத்தில், பழைய ஓனரின் கடன் பாக்கிக்காக ஃபைனான்ஸ்காரங்க வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. மீட்க 64,000 ரூபாய் செலவாச்சு. அவர் பார்த்தது ஆர்.சி.யின் ஜெராக்ஸ் மட்டும்தான்.

1. இரும்புக்கு முன்னாடி பேப்பர்

பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. ஃபைனான்ஸ் இருக்கா, எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எதுவரை, சலான் பாக்கி எவ்வளவு என்று தெரிஞ்சிடும். ஃபைனான்ஸ் இருந்தா, கடன் முடிஞ்ச கடிதமும் நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீங்க. வேறு மாநில வண்டின்னா படிவம் 28-ல் தடையில்லாச் சான்றும் வேணும்.

8 வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி.; அதுக்கு மேல வருஷாவருஷம். அடுத்த மாசம் எஃப்.சி. முடியுதுன்னா, அதுக்கு ஆகும் வேலைச் செலவை விலையில் கழிங்க.

2. வண்டியைப் பார்க்கும் விதம்

காலையில், இன்ஜின் சூடாகும் முன்னாடி போங்க. முதல் ஸ்டார்ட்டை நீங்க பார்க்கணும். நீலப் புகை வந்தா இன்ஜின் ஆயில் எரியுது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தா புகை குபுகுபுன்னு தள்ளுதா? இன்ஜின் வேலை காத்திருக்கு.

சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. கீழே குனிஞ்சு சேஸிஸில் வெல்டிங், துரு, புதுசா அடிச்ச பெயிண்ட் இருக்கான்னு பாருங்க. நம்ம ஊரில் இது முக்கியம். ஏஸின் பாரம் சுமார் 750 கிலோ. காகித பண்டல் பார்க்க கொஞ்சம்தான் இருக்கும், எடை எகிறிடும். ஓவர்லோடு அடிச்ச வண்டியை பட்டையும் டயர் தேய்மானமும் காட்டிக் கொடுத்துடும். லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்க, கூட ஒரு மெக்கானிக்கையும் கூட்டிட்டுப் போங்க.

பட்டாசு ஏற்றத்தான் வாங்குறீங்களா? வெடிபொருள் விதிகள் 2008-ன் நிபந்தனைகளை சிவகாசி பெசோ அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கோங்க.

3. ரொக்கம் வேண்டாம்

தொழிலுக்கு வாங்கும் சொத்துக்கு ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமா கொடுத்தா, அந்தத் தொகைக்கு தேய்மானக் கழிவு கிடையாது. மாமா 2.80 லட்சத்தை வங்கி வழியா கொடுத்திருந்தா, 15% வீதம் ஒரு முழு வருஷத்துக்கு 42,000 ரூபாய் கழிவு கிடைச்சிருக்கும். 2 லட்சமோ அதுக்கு மேலோ ரொக்கம் வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம்.

கடன் வாங்கினா "பிளாட் 10%" என்பதில் ஏமாறாதீங்க. 2 லட்சம், 3 வருஷம் என்றால் வட்டி 60,000; மாதத் தவணை சுமார் 7,222. குறையும் அசலில் கணக்குப் போட்டா அது ஏறக்குறைய 18%!

4. பெயர் மாறினால்தான் வண்டி உங்களுது

படிவம் 29, 30-ல் அன்னைக்கே கையெழுத்து வாங்கிடுங்க. வாங்கினவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பிக்கணும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்க பேருக்கு மாத்துங்க. இல்லைன்னா உங்க வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு கிளைம் கிடைக்காமல் போகலாம்.

விற்கிறவருக்கும் இது முக்கியம். நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: வண்டி எத்தனை கை மாறினாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. "ஓப்பன் ஆர்.சி.யா வச்சுக்கலாம்ணே" என்று யார் சொன்னாலும் இதைச் சொல்லுங்க.

போன மாசம் மாமா இன்னொரு வண்டி பார்க்கப் போனார். வாசலில் நின்னே எனக்கு போன்: "மாப்ள, நம்பரைச் சொல்றேன், ஃபைனான்ஸ் இருக்கான்னு பாரு." இருந்தது. திரும்பி வந்துட்டார்.

நீங்களும் அந்த ரெண்டு நிமிஷத்தை ஒதுக்குங்க. சீசன் அடுத்த வருஷமும் வரும், போன பணம் வராது.