நாடகம் எழுதும் தம்பிக்கு



யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிப் படுகொலையை வைத்து நீ எழுதிய நாடகப் பிரதியை நிதானமாகப் படித்து முடித்தேன். நம் தேசத்துக் கொடியின்கீழ்ச் சென்ற இந்திய அமைதிப்படை செய்த கொடுமையை நம் ஜனங்களின் முன்னிலையிலேயே, உன் ஊராகிய கல்லங்குறிச்சியின் திருவிழாக் கூட்டத்தின் நடுவே, நடித்துக் காட்டவேண்டும் என்ற உன் சங்கல்பம் மெச்சத்தக்கது. அந்நியனைக் கண்டிப்பதற்கு வேண்டாத தைரியம் தன்னவரைக் கண்டிப்பதற்கு வேண்டியிருக்கிறது. ஆயினும் இரண்டு இடங்களை நீ திருத்தியே ஆகவேண்டும்.

இறந்தோர் ஐந்நூறு பேர் என்று கட்டியங்காரன் சொல்கிறான். எழுபது பேரளவில் என்பதே அங்கிருந்தவர்களின் சாட்சியத்தால் பெறப்படுவது. எழுபது உயிர் உனக்குப் போதவில்லையா? மிகைப்படுத்திய ஓர் எண்ணை மறுத்துவிட்டு, அதனோடு முழுச் சம்பவத்தையும் மறுத்துவிடுவதே மறுப்போரின் வழக்கம். அந்த வசதியை நீயே செய்து கொடுக்கலாகாது.

இரண்டாவது இடம்: படுகொலை நிகழ்ந்த நாளன்று பகலில் விடுதலைப் புலிகள் சிலர் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருந்ததையும், வெளியேறிவிடுமாறு வைத்தியர்கள் அவர்களிடம் மன்றாடியதையும் நீ விட்டுவிட்டாய். அது இந்தியத் தரப்புக்கு அனுகூலமாகிவிடும் என்று அஞ்சியிருப்பாய். உள்ளிருந்து சுட்டார்கள், இருதரப்புத் துப்பாக்கிச் சூட்டின் இடையே பொதுமக்கள் சிக்கிக்கொண்டார்கள் என்பதுதானே அதிகாரபூர்வமான சமாதானம்? புலிகள் இருந்ததை நீ மறைத்தால் அந்தச் சமாதானம் உயிர்பெறும். மேடையிலேயே சொல்லிவிட்டு, அதற்கடுத்த காட்சியைக் காட்டினால் அது தானே சாயும்.

அந்தக் காட்சி எது? 1987 அக்டோபர் 21, தீபாவளித் திருநாள். மாலையில் உள்ளே புகுந்த படையினர், நோயாளி என்றும் ஊழியர் என்றும் பாராமல் சுட்டனர். உயிர் தப்பியவர்கள் பிணங்களுக்கிடையே, இருமலையும் அடக்கிக்கொண்டு, இரவு முழுவதும் அசையாது கிடந்தார்கள். மறுநாட் காலை, குழந்தை வைத்திய நிபுணர் டாக்டர் சிவபாதசுந்தரம், தாதியரை உடன் அழைத்துக்கொண்டு, கைகளை உயர்த்தியபடி, தாங்கள் வைத்தியர்களென்றும் சரணடைவதாகவும் உரக்கக் கூவிக்கொண்டே நடந்து வந்தார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். முதல் நாளைக்குச் சொன்ன சமாதானம் இரண்டாம் நாள் காலைக்கு எவ்விதத்தில் பொருந்தும்?

இவற்றையெல்லாம் எழுதிவைத்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம. இந்தியப் படையின் குற்றங்களையும் புலிகளின் குற்றங்களையும் ஒரே தராசில் வைத்து, சகாக்கள் மூவருடன் ‘முறிந்த பனை’ என்ற நூலை ஆக்கிய அவர், 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பட்சபாதமின்மை எவ்வளவு அரிய தர்மம் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான அத்தாட்சி வேண்டியதில்லை.

அந்தப் பட்சபாதமின்மை நமக்கும் வேண்டும். முள்ளிவாய்க்காலில் 2009இல் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் நாற்பதினாயிரம் வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறிற்று. பொதுமக்கள் ஒருவருக்கும் தீங்கு நேராத மனிதாபிமான நடவடிக்கை என்றே கொழும்பு அரசாங்கம் சாதித்தது. அதைக் கேட்டு நம் நெஞ்சு கொதிக்கிறது, கொதிக்கத்தான் வேண்டும். ஆனால், 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதில் தங்களுக்குப் பங்கில்லை என்று புலிகள் மறுத்தபோது, நம்மில் எத்தனை பேர் அந்த மறுப்பைச் சௌகரியமாக ஏற்றுக்கொண்டோம்? நம்மவர் குற்றத்துக்குக் கண்ணை மூடிக்கொள்கிறவன், பிறரைக் கண் திறக்கச் சொல்லும் யோக்கியதையை இழந்துவிடுகிறான்.

நடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உன் ஊர்க் கலியுக வரதராசப் பெருமாள் சந்நிதியில் கற்கம்பமே மூலவர். சிற்ப நயம் நிறைந்த விக்கிரகம் இல்லையே என்று பக்தர் எவரும் குறைப்படுவதில்லை. அப்படியே உன் மேடையிலும் செயற்கை ரத்தமும் அலறலும் வேண்டாம். உயர்த்திய இரு கைகளோடு ஒருவர் நடந்து வரட்டும், அவர் பெயரைத் தெளிவாகச் சொல், நாளைச் சொல், இடத்தைச் சொல்.

திருத்திய பிரதியை எனக்கு அனுப்பு. அரங்கேற்றத்துக்கு எதிர்ப்பு வரும். துரோகி என்று இரு தரப்பாரும் ஏசுவார்கள். அவர்கள் ஏசட்டும். உன் நாடகத்தில் பொய்யென்று சுட்டிக்காட்ட ஒரு வரிகூட அவர்களுக்குக் கிடைக்காதபடி எழுது.