எண்களில் அடங்கிய பியானோ

வீட்டிலுள்ள எவர்சில்வர் டம்ளர் ஒன்றை மேசைமீது வைத்துக் கரண்டியால் மெல்லத் தட்டுங்கள். 'டிங்' என்று ஓர் ஓசை எழுந்து, ஓரிரு விநாடிக்குள் தேய்ந்து மறைகிறது அல்லவா? இந்த ஒரே ஓசையைக் கொண்டு ஒரு முழுப் பாட்டையும் வாசிக்க முடியுமா? டம்ளர் ஒன்றுதான், தட்டுவதும் ஒருமுறைதான். ஆனால் ஏழு சுரங்களும் வேண்டும்.

முடியும். அதனைச் செய்யும் கருவிக்குச் சாம்ப்ளர் என்று பெயர். இன்று அது பெரும்பாலும் தனிப் பெட்டியாக இல்லாமல், கணிப்பொறிக்குள் இயங்கும் நிரலாகவே இருக்கிறது. திரைப்பாடல்களிலும் விளம்பரங்களிலும் நீங்கள் கேட்கும் பியானோ, வயலின் கூட்டம், முரசு ஆகியவற்றுள் பல இத்தகைய நிரல்களிலிருந்து பிறப்பவையே. அந்த நிரல் போடும் கணக்கை இங்கே காண்போம். கணக்கு புரிந்த பிறகு வேறொரு கேள்வியும் எழும். அதனைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

நாடாவிலிருந்து எண்ணுக்கு

முதலில் இதற்கு எண்கள் தேவைப்படவில்லை. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மெல்லோட்ரான் என்றொரு கருவி செய்யப்பட்டது. பார்வைக்குப் பெரிய ஹார்மோனியம் போல் இருக்கும். அதன் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஒரு காந்த நாடா உண்டு. ஒரு கட்டையின் நாடாவில் புல்லாங்குழலின் ஒரு சுரம். அடுத்த கட்டையின் நாடாவில் அடுத்த சுரம். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். விட்டால் பழைய இடத்துக்கு இழுக்கப்பட்டு விடும். நாடாவின் நீளம் ஏறத்தாழ 8 விநாடிக்கே போதும். அதற்குமேல் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தாலும் பயனில்லை, ஓசை நின்றுவிடும்!

1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து ஃபேர்லைட் என்ற கருவி வெளிவந்தது. பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவரின் முயற்சி அது. இதில் நாடா கிடையாது. ஒலி எண்களாக மாற்றப்பட்டு நினைவகத்தில் வைக்கப்பட்டது. ஒரு குரலுக்கு ஒதுக்கப்பட்ட நினைவகம் 16 கிலோபைட், அதாவது 16,384 எண்கள். விநாடிக்கு 16,000 எண்கள் வீதம் பதிந்தால் ஒரு விநாடிக்குச் சற்றே மேற்பட்ட ஒலி மட்டுமே அடங்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். விலையோ பல்லாயிரம் டாலர். புகழ்பெற்ற இசைக்கலைஞர்களும் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுமே அதனை வாங்க முடிந்தது.

ஒலி எவ்வாறு எண்ணாகிறது? டம்ளரின் விளிம்பு அதிர்கிறது. அந்த அதிர்வு காற்றை அழுத்தியும் தளர்த்தியும் அலையாகச் செல்கிறது. மைக்கின் மெல்லிய தகடு அந்த அலைக்கேற்ப அசைகிறது. அசைவு மின்னழுத்தமாகிறது. இந்த மின்னழுத்தத்தை ஒரு விநாடியில் 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதிக்கொண்டால் ஒலி எண் வரிசையாகி விட்டது. நம் டம்ளரின் இரண்டு விநாடி ஓசை 88,200 எண்கள்.

ஏன் 44,100? மனிதக் காது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். ஓர் அதிர்வில் ஒரு மேடும் ஒரு பள்ளமும் உள்ளன. இரண்டையும் தவறவிடாமல் பிடிக்க, அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேல் அளவெடுக்க வேண்டும். இந்த விதியுடன் நைக்விஸ்ட், ஷானன் ஆகிய இரு அறிஞர்களின் பெயர்கள் இணைத்துச் சொல்லப்படுகின்றன. 20,000-இன் இருமடங்கு 40,000. அதற்குமேல் சற்று இடம் விட்டு வைத்த எண்ணே 44,100. 1982-இல் வெளிவந்த குறுந்தகடும் இதே எண்ணையே கொண்டது. ஒவ்வோர் அளவையும் எழுத 16 பிட்டுகள் ஒதுக்கினால் 65,536 படிகள் கிடைக்கும். ஃபேர்லைட் 8 பிட்டுகளில் எழுதியது. அதற்கு 256 படிகளே இருந்தன.

ஒரே ஓசையிலிருந்து எல்லாச் சுரங்களும்

இனிதான் வேடிக்கை. 88,200 எண்களையும் வரிசையாகப் படித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் பழைய 'டிங்' அப்படியே கேட்கும். ஒன்று விட்டு ஒன்றாகப் படித்தால் என்ன ஆகும்? அலைகள் இருமடங்கு வேகத்தில் வரும். அதிர்வெண் இருமடங்காகும். சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகும். எண்கள் பாதி நேரத்தில் தீர்ந்துவிடுவதால் ஓசையின் நீளமும் பாதியாகும்.

ஒரு ஸ்தாயிக்குள் 12 அரைச் சுரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஒரே மடங்கு உயர்ந்தது. அந்த மடங்கைத் தன்னால்தானே 12 முறை பெருக்கினால் 2 வரவேண்டும். அப்படிப்பட்ட எண் ஏறத்தாழ 1.0595. ஏழு முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 1.5 வரும், சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு உள்ள விகிதம் அதுவே. ஆகவே டம்ளரை ஓர் அரைச் சுரம் உயர்த்த, எண்களை ஒவ்வொன்றாகப் படிக்காமல் 1.0595 இடம் தாண்டித் தாண்டிப் படிக்க வேண்டும்.

ஆனால் 1.0595-ஆம் இடத்தில் எண் ஏது? 1-ஆம் இடத்தில் 200 இருக்கிறது, 2-ஆம் இடத்தில் 300 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் உள்ளதை நிரல் தானே ஊகிக்கிறது. 100 வித்தியாசத்தில் 0.0595 பங்கு 5.95; ஆகவே 206 என்று கொள்கிறது. நீங்கள் வகுப்பில் மடக்கை அட்டவணையில் இல்லாத எண்ணுக்கு இடைமதிப்புக் காண்பீர்களே, அதே வேலைதான்! விநாடிக்கு 44,100 முறை, அழுத்தப்பட்ட ஒவ்வொரு கட்டைக்கும், இக்கணக்கைச் சாம்ப்ளர் செய்து கொண்டிருக்கிறது. நல்ல நிரல்கள் இரண்டு எண்களுக்குப் பதில் நான்கையோ எட்டையோ பார்த்து, இடையில் நேர்கோட்டுக்குப் பதிலாக ஒரு வளைகோட்டைப் பொருத்துகின்றன. காதில் விழும் கரகரப்பு அதனால் குறைகிறது.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. மனிதக் குரலைப் பதிந்து ஒரு ஸ்தாயி உயர்த்தினால் அணில் பேசுவது போல இருக்கும். காரணம், சுருதியுடன் சேர்ந்து தொண்டை, வாய் ஆகியவற்றின் ஒத்ததிர்வுகளும் மேலேறி விடுகின்றன. பேசுபவரின் தலையே பாதியாகச் சுருங்கிவிட்டது போன்ற விளைவு! பியானோவுக்கும் இது பொருந்தும். அதன் மரப்பெட்டி சுருங்கியது போலக் கேட்கும். எனவே ஒரே ஒலித்துண்டை நெடுந்தூரம் இழுக்காமல் பல துண்டுகளைப் பதிந்து கொள்கிறார்கள்.

இதற்குச் சாலமாண்டர் என்னும் பியானோ நல்ல எடுத்துக்காட்டு. யமாஹா நிறுவனத்தின் பெரிய பியானோ ஒன்றிலிருந்து பதியப்பட்ட தொகுப்பு இது. பியானோவில் 88 கட்டைகள். மிகத் தாழ்ந்த கட்டையில் தொடங்கி, மூன்று கட்டைக்கு ஒன்றாக 30 கட்டைகளை மட்டும் பதிந்திருக்கிறார்கள். விடுபட்ட ஒவ்வொரு கட்டைக்கும் பக்கத்திலேயே பதிந்த கட்டை ஒன்று உண்டு. ஓர் அரைச் சுரம் ஏற்றினாலோ இறக்கினாலோ போதும். அவ்வளவு சிறு மாற்றத்தைக் காது பொறுத்துக் கொள்கிறது.

இதோடு முடியவில்லை. டம்ளரை விரல்நுனியால் தட்டிப் பாருங்கள். பிறகு கரண்டியால் ஓங்கித் தட்டுங்கள். இரண்டாவது ஓசை உரத்தது மட்டுமன்று, கூர்மையும் அதிகம். பலமாகத் தட்டும்போது உயர் அதிர்வுகள் கூடுதலாக எழுகின்றன. ஆகவே மென்மையான ஓசையைப் பெரிதாக்கினால் ஓங்கித் தட்டிய ஓசை கிடைத்துவிடாது. சாலமாண்டரில் ஒவ்வொரு கட்டையையும் மெதுவிலிருந்து பலம்வரை 16 விதமாகப் பதிந்துள்ளார்கள். 30-ஐ 16-ஆல் பெருக்க, 480 துண்டுகள்.

(வீணைக்கு இதே வழி போதுமா என்று சிலர் கேட்கலாம். போதாது. நம் இசையின் கமகத்தில் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒலித்துண்டோ நின்ற சுரம். சாம்ப்ளரில் வாசித்த வீணை பல சமயம் உயிரற்று ஒலிப்பதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.)

எண்கள் மலையாகக் குவிந்தபோது

480 துண்டுகளுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? இத்தகைய பதிவில் விநாடிக்கு 48,000 அளவுகள். ஒவ்வொன்றும் 3 பைட். இடம் வலம் என இரு தடங்கள். விநாடிக்கு 2,88,000 பைட் ஆகிறது. ஒரு துண்டு 10 விநாடி என்றே வைத்துக் கொண்டாலும் மொத்தம் 138 கோடி பைட்டுக்கு மேல் வருகிறது. 1990-களின் வீட்டுக் கணிப்பொறிக்கு 6 கோடி பைட் நினைவகமே பெரிது!

1998-இல் கிகாசாம்ப்ளர் என்ற நிரல் இதற்கு வழி கண்டது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொள். மீதி தட்டில் இருக்கட்டும். கட்டையை அழுத்தியதும் நினைவகத்திலுள்ள தொடக்கம் ஒலிக்கும். அது ஒலித்து முடிவதற்குள் தட்டிலிருந்து அடுத்த பகுதி வந்து சேர்ந்துவிடும். பந்தியில் முதல் உருண்டையை வாயில் போடுவதற்குள் சாம்பார் வந்துவிடுவது போல. எளிய யோசனைதான். ஆனால் அதனால் எத்தனை பெரிய பியானோவையும் சிறிய கணிப்பொறியில் வாசிக்க முடிந்தது. உலகெங்கும் இசையமைப்பாளர்கள் அந்த நிரலுக்கேற்ற ஒலித்தொகுப்புகளைப் பணம் கொடுத்து வாங்கிச் சேர்த்தார்கள்.

பின்னர் நிரல் வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்று, கிகாஸ்டூடியோ என்ற பெயருடன் சில ஆண்டுகள் விற்பனையானது. 2008-இல் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது.

இப்போது நான் முன்பு ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம். வாங்கியவரிடம் எண்கள் இருக்கின்றன. ஆனால் எந்த எண் எந்தக் கட்டைக்கு உரியது, எது மென்மை, எது வன்மை என்பதெல்லாம் அந்த நிரல் மட்டுமே அறிந்த ஒரு முறையில் எழுதப்பட்டவை. நிரலின் உள்ளே பார்க்கவும் முடியாது. கணிப்பொறிகள் மாறும், பழைய நிரல் புதியதில் ஓடாது. படிக்கத் தெரிந்தவர் இல்லாத கல்வெட்டைப்போல, பணம் கொடுத்து வாங்கிய பியானோ தட்டில் கிடக்கும்.

ஆனால் அது அப்படியே கிடந்துவிடவில்லை. 2000-களின் தொடக்கத்திலேயே லினக்ஸ்சாம்ப்ளர் என்ற திட்டம் தொடங்கியிருந்தது. லினக்ஸ் கணிப்பொறிகளில் தட்டிலிருந்தே வாசிக்கும் சாம்ப்ளர் ஒன்றை எழுதுவது அதன் நோக்கம். கிகா கோப்பின் அமைப்பு விவரம் வெளியிடப்படாத ஒன்று. ஆர்வலர்கள் பைட் பைட்டாக ஆராய்ந்து அதனைக் கண்டறிந்தார்கள். அந்த விவரங்களைக் கொண்டு, கிகா கோப்பைப் படிக்கும் நிரல் பகுதி தனியாக எழுதப்பட்டு, மூல நிரலுடனேயே யாவருக்கும் கொடுக்கப்பட்டது. மூல நிரல் என்பது மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவில் எழுதிய நிரல். அதனை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்று அனுமதி தருவதே திறந்த மூல மென்பொருள். எழுதியவர் நாளை விட்டுவிட்டுப் போனாலும் இன்னொருவர் அந்த வேலையைத் தொடரலாம்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லாமல் விடக்கூடாது. லினக்ஸ்சாம்ப்ளரின் ஆசிரியர்கள் தம் உரிமத்தில் ஒரு விலக்குச் சேர்த்தார்கள்: வணிக வன்பொருளிலோ வணிக மென்பொருளிலோ பயன்படுத்த எழுத்து மூலம் தம் அனுமதி பெறவேண்டும். தம் உழைப்பை ஒரு நிறுவனம் பெட்டியில் அடைத்து விற்றுவிடும் என்ற அச்சம் அதில் தெரிகிறது. அந்த அச்சம் நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் திறந்த மூலத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் தடுக்கக்கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஆகவே அந்த இலக்கணப்படி, மூல நிரல் கண்முன்னே இருந்தும், லினக்ஸ்சாம்ப்ளர் திறந்த மூல மென்பொருள் ஆகாது. கதவு திறந்திருப்பது வேறு, வீட்டைப் பயன்படுத்த விடுவது வேறு.

அத்தகைய விலக்கு இல்லாத சாம்ப்ளர்களும் இருக்கின்றன. ஃப்ளூயிட்சிந்த், ஸ்ஃபிஸ் ஆகியவை அவ்வகை. முரசு வகைகளுக்கென்றே ஹைட்ரஜன் என்று ஒன்று உண்டு. வேதியியல் வகுப்பை நினைத்துக் குழம்ப வேண்டாம்! இவற்றுள் ஸ்ஃபிஸ் படிப்பது எஸ்.எப்.இசட். என்னும் கோப்பு. அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒலித்துண்டின் பெயர், அது எந்தக் கட்டை முதல் எந்தக் கட்டை வரை ஒலிக்கவேண்டும், எந்தக் கட்டையில் மாற்றமின்றி ஒலிக்கவேண்டும் என்பவற்றை ஆங்கிலச் சொற்களில் வரிவரியாக எழுதினால் போதும். முன்பு சொன்ன சாலமாண்டர் பியானோவும் இவ்வடிவில் கிடைக்கிறது. அதன் கோப்பைத் திறந்தால் எந்த ஒலித்துண்டு எங்கே போகிறது என்பதை நீங்களே படித்துவிடலாம். ஸ்ஃபிஸ் நாளை இல்லாமற் போனாலும், அக்கோப்பைக் கண்ட எவரும் பொருள் கண்டுகொள்வர்.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளிக் கணிப்பொறியில் ஆடாசிட்டி என்ற திறந்த மூல ஒலிப்பதிவு நிரல் இருந்தால் அதுவே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, டம்ளர் ஓசையைப் பதிந்து, முன்னாலும் பின்னாலும் உள்ள அமைதியை வெட்டி விடுங்கள். படத்தை நன்றாகப் பெரிதாக்கினால் எண்கள் ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரியும். இனி வேகத்தை 2 மடங்காக்குங்கள். நீளம் பாதியானதா என்று பாருங்கள். அடுத்து மூலத்தை 1.0595 மடங்காக்குங்கள், பிறகு 1.498 மடங்கு. முன்னது ஓர் அரைச் சுரம், பின்னது பஞ்சமம். ஹார்மோனியம் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. டம்ளரில் பாதிக்குமேல் தண்ணீர் ஊற்றித் தட்டுங்கள். தண்ணீரின் சுமையால் விளிம்பு மெதுவாக அதிர்ந்து சுருதி தாழும். அதனையும் பதிந்து கொள்ளுங்கள். பிறகு வெறும் டம்ளரின் ஓசையை வேகம் குறைத்து அதே சுருதிக்கு இறக்குங்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, எது தண்ணீர் ஊற்றிய டம்ளர் என்று கண்ணை மூடியிருக்கும் நண்பரிடம் கேளுங்கள். எத்தனை அரைச் சுரம் வரை அவர் ஏமாறுகிறார் என்று குறித்து வையுங்கள்.