ஒருவரை வேலைக்கு வைத்தாலும் அவர் ஊழியர்தான்

பளை போன்ற சிறு நகரத்தில் தனியார் பற்சிகிச்சை நிலையம் என்றால் பெரும்பாலும் ஒரு பல் வைத்தியர், கருவிகளைத் தொற்றுநீக்கி எடுத்துக் கொடுக்கும் ஓர் உதவியாளர், நோயாளர்களுக்கு இலக்கம் கொடுக்க இன்னொருவர், அவ்வளவுதான். “பதினைந்து பேருக்குக் குறைந்த இடத்தைத் தொழிற்சட்டம் கட்டுப்படுத்தாது” என்ற நம்பிக்கை இத்தகைய இடங்களில்தான் ஆழ வேரூன்றுகிறது. அந்தப் பதினைந்து எங்கிருந்து வந்தது? 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்திலும், ஊழியரைப் பணிநீக்க முன் அனுமதி கோரும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த எல்லை உண்டு. மற்றச் சட்டங்களுக்கும் அதுவே எல்லை என்று எண்ணுவதுதான் தவறு. இந்த இரண்டு விடயங்களிலும்கூடச் சிறிய இடத்து ஊழியர் கைவிடப்படவில்லை. நியாயமின்றி நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். பணிக்கொடை கேட்டும் அங்கே விண்ணப்பிக்கலாம்.

ஊழியர் சேமலாப நிதிக்கு இப்படியான எண்ணிக்கை எல்லை இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் ஊழியரின் முதல் நாளிலிருந்தே பொறுப்பு தொடங்குகிறது. தொழில் தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் தொழில் தருநருடையதே. “இப்போது பயிற்சிக் காலம், நிரந்தரமானதும் கட்டுவோம்” என்பதைச் சட்டம் ஏற்காது. தற்காலிகமாகவோ பகுதிநேரமாகவோ வேலை செய்பவரும் ஊழியரே. “சம்பளத்தில் வெட்ட வேண்டாம் என்று பிள்ளையே கேட்டாள்” என்பதும் காரணமாகாது. இருவரும் சேர்ந்து சம்மதித்தாலும் சட்டக் கடமை நீங்காது. உரிய சம்பளத்தில் கழிக்கத் தவறிய பங்கைப் பிறகு அவளிடம் அறவிடவும் முடியாது.

சிறிய நிலையம் இவ்வளவு செலவைத் தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. கணக்கைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதற்கு இரு நிதிகளுக்குமாகத் தொழில் தருநர் தன் பங்காகக் கட்டுவது 4,500 ரூபாய். சிறிய தொகை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கட்டாமல் விடுவதால் செலவு மறைவதில்லை. உதவியாளரின் முதுமைக்கு மாறுகிறது, நிலுவை மீது மேலதிகக் கட்டணமும் ஏறுகிறது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பல உள்ள கிளிநொச்சி மாவட்டத்தில், 50 வயதில் ஒரு பெண் மீளப்பெறக்கூடிய அந்தச் சேமிப்பு பல நேரங்களில் அவளுடைய ஒரே சேமிப்பு. அதைப் பறித்து நடத்தப்படும் சேவையை மலிவான சேவை என்று என்னால் சொல்ல முடியாது.

“தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவையில் பதிந்தாயிற்று, எல்லாம் சரி” என்ற நம்பிக்கையும் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான அந்தப் பதிவு அவசியமானதுதான். ஆனால் அது வேலை கொடுப்பவரின் கடமைகளைத் தீர்த்துவிடாது. பயன்படுத்திய ஊசி உதவியாளரின் கையில் குத்தினால் ஈரல் அழற்சி பி தொற்றலாம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. வேலைக்கு எடுக்கும்போதே அதைப் போடுவிப்பது சிறு செலவு. வேலையில் ஏற்படும் காயத்துக்கான நட்டஈட்டை 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொழில் தருநரின் பொறுப்பாக்கியிருக்கிறது. கூட்டம் கூடிய மாலையில் “இந்தப் பல்லை நீயே சுத்தம் செய்துவிடு” என்று உதவியாளரிடம் விடுவதும் உள்வீட்டு ஒழுங்கு அல்ல. பதிவு பெறாதவர் பற்சிகிச்சை செய்வதை மருத்துவக் கட்டளைச் சட்டம் தடை செய்கிறது. அந்தக் குற்றத்தில் அவளைத் தள்ளிவிடும் உரிமை எந்த வைத்தியருக்கும் இல்லை.